ஊசி மாற்றிக்கொண்ட பகல்

முப்பத்தெட்டு நாளாகப் பிள்ளை பெற்ற நஸிஃபேவை ஒரு நொடி தனியே விடாத மாமியார் ஹைரியே, இன்று காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பியவள், உச்சி வெயில் தாண்டியும் திரும்பவில்லை. நாற்பது நாள் கழியும்வரை துணையில்லாமல் இருக்கக் கூடாது, தலைமாட்டில் இரும்பு வேண்டும் என்று வீட்டையே ஆட்டிவைத்தவள் அவள்தான். நஸிஃபேவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் வெளியே காது கொடுத்தாள். பாதாம் உதிர்க்கும் காலம். விடிந்தால் துருக்கிக் கடலோரத்து டாட்சா முனை முழுக்க மரத்தில் கழி விழும் சத்தம்தான். இன்று ஒரு கழிகூட விழவில்லை. ஜன்னல் வழியே கடலின் உப்பு, காய்ந்த புல், வெயிலில் வெடித்த பாதாம் தோல், அத்தனைக்கும் அடியில் பாசி பிடித்த தண்ணீர் வாடை. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

மகன் தொட்டிலில் தூங்கினான்.

கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். மேல்வீட்டு உம்முஹான். அதே வாரம் பிள்ளை பெற்றவள். துணி சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். நாற்பதுக்குள் இரண்டு தாய்மார் முகம் பார்த்துவிட்டால் ஒரு குழந்தை தேய்ந்துபோகும் என்பார்கள். ஊசி மாற்றிக்கொண்டால் பயமில்லை.

"ஊசி மாத்திக்கலாம் வாடி. எத்தனை நாளைக்குத்தான் மாமியார் பாவாடைக்குள்ள ஒளிஞ்சு கெடப்பே?"

பேச ஆள் கிடைத்ததே என்று நஸிஃபேவுக்குச் சிரிப்பு வந்தது. உம்முஹானின் ஊசியை வாங்கினாள். சில்லென்று நனைந்திருந்தது. தன் ஊசியை எடுக்கப் பின்னறைக்குப் போய் வருவதற்குள் வாசல் காலி. ஒரு குழந்தையின் சிணுங்கல் மேட்டுப்பக்கம் தேய்ந்துகொண்டே போனது. தொட்டிலில் துணிமூட்டை அசையவில்லை. நல்ல பிள்ளை, இத்தனை பேச்சிலும் எழவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் ஹைரியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. உம்முஹான் வந்துபோனதைச் சொன்னதும் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பால் வத்திடும்னுதான் சொல்லல, கண்ணு. அவ ராத்திரி குழந்தையோட மழைத்தண்ணித் தொட்டியில விழுந்துட்டா. விடியறப்பவே பொணமா எடுத்துட்டாங்க. குழந்தையைத்தான் காணோம், தொட்டியையே வத்த இறைச்சுப் பாத்தாச்சு."

"அவ இப்ப எங்கே, அத்தை?"

"மேட்டு இடுகாட்டுல. குழிக்குள்ள இறக்கிட்டாங்க. மண்ணு தள்ளப்போறாங்க."

நஸிஃபே திரும்பினாள். வாசலிலிருந்து தொட்டில்வரை ஈரம். அடி அடியாக. துணியை விலக்கினாள். நனைந்த முடி. திறந்த கண். அவள் மகன் இல்லை.

எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த வாய் மார்பைத் தேடிப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. பிய்த்தாள். வரவில்லை.

மேட்டில் மண்வெட்டி விழுந்தது. குழிக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அவளுடைய மகன். அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? கத்தப் பார்த்தாள். மார்பில் அந்த வாய் இன்னும் இறுகியது.

மறுபடி மண்வெட்டி. அழுகை கொஞ்சம் குறைந்தது.

மறுபடி.