ஆறாம் படுக்கையின் திரை

நெருப்பு, சக்கரம், இவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட மகத்தான விஷயம் தன் மருத்துவமனையின் கணினிப் பதிவுதான் என்று கண்ணாடி நம்பினான். நம்பியதோடு நிற்கவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் அதை எல்லோருக்கும் அறிவிப்பான்.

“இனிமே நோயாளின்னு தனியா யாரும் கிடையாது. எல்லாருமே தகவல்தான். ஒளிக்க ஏதாவது இருக்கிறவன்தான் ரகசியம் கேப்பான். எனக்கு ஒண்ணும் இல்ல. என் ரத்தப் பரிசோதனையை வேணும்னா வாசல்ல ஒட்டுங்க.”

“ஒட்டினாலும் யாரு மாமா படிப்பா? அதுல கதையே இருக்காது” என்றான் மச்சினன். கண்ணாடியின் மனைவிக்குத் தம்பி. அதே மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை.

கண்ணாடி என்பது ஊழியர்கள் வைத்த பெயர். மூக்குக் கண்ணாடியும் போட்டிருந்தான், எதையும் மறைக்கக் கூடாது என்றும் பேசினான். பெயர் வைக்கிறவர்களுக்கு அதிக சிரமம் இருக்கவில்லை. பதிவுகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

அவனுடைய அறை முன்பு பெண்கள் வார்டாக இருந்தது. கட்டில்களை எடுத்தாகிவிட்டது. திரை தொங்கிய இரும்புக் கம்பிகள் மட்டும் மேலே வளைந்து வளைந்து நின்றன, ஒவ்வொரு கட்டில் இருந்த இடத்துக்கும் ஒன்றாக. பச்சைத் திரைகளைக் கண்ணாடியே கழற்றிச் சுருட்டிக் கிடங்கில் போட்டான். தூசி கணினிக்கு ஆகாதாம். அவன் மேசை ஆறாம் படுக்கையின் கம்பிக்குக் கீழே இருந்தது.

அந்த வார்டைச் சாகும்வரை பார்த்துக்கொண்டவர் பெரிய சிஸ்டர். அவருக்கு ஒரு பழக்கம். நோயாளியிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் திரையை இழுப்பார். குறிப்பேட்டைத் திறக்குமுன் அதன்மேல் கையை வைத்து, “பார்க்கலாமா?” என்பார். நினைவில்லாமல் கிடப்பவர்களிடமும் கேட்பார். மூச்சு நின்றுபோன ஒருத்தியிடமும் அவர் கேட்டதைப் பார்த்திருப்பதாக, அவரிடம் வேலை பழகிய சின்ன சிஸ்டர் சொல்வாள்.

கண்ணாடி இதை நன்றாக நடித்துக் காட்டுவான். காலி டப்பாவின்மேல் கையை வைத்து, குரலைக் குழைத்து, “பார்க்கலாமாம்மா?” என்பான். மச்சினனுக்குப் புரையேறும்.

“செத்துப்போனவங்க அவங்க, அண்ணா” என்பாள் சின்ன சிஸ்டர். “அவங்க பேர்ல உள்ள போறதையாவது நிறுத்துங்க.”

அதுதான் அந்த மருத்துவமனையின் தனி வழக்கம். எல்லோருடைய கடவுச்சொல்லும் அவ்வப்போது காலாவதியாகும். சோதனைக்காக முதன்முதலில் உருவாக்கிய கணக்கு பெரிய சிஸ்டருடையது; அது மட்டும் காலாவதியாகாது. அவர் போன பிறகும் யாரும் அதை மூடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு எதற்கு ஆபரேஷன், மேலதிகாரி எதற்கு மனநல மருத்துவரைப் பார்க்கிறார் என்று தெரிய வேண்டுமா? “பெரிய சிஸ்டர் பேர்ல போ” என்பார்கள். மச்சினன் தினமும் போவான். எட்டிப் பார்த்தவர் பெயராக ஒரு செத்த பெண்மணியின் பெயர்தான் பதிவாகும். அவரை யார் கூப்பிட்டு விசாரிப்பது?

“மூடிட்டா உங்களுக்குத்தாம்மா சாப்பாடு இறங்காது” என்று சொல்லிக் கண்ணாடி டீ கிளாஸை எடுத்தான்.

கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

இடது கை விரல்கள் கொஞ்ச நாளாகவே மரத்துப்போயிருந்தன. மச்சினன் சிரித்தான். கண்ணாடி சிரிக்கவில்லை. நரம்பு மருத்துவரிடம் ரகசியமாகப் போய், ஸ்கேன் எடுத்து, ரத்தமும் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அப்பாவுக்கும் கை இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொன்னபோது மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பரம்பரை நோயாக இருந்தால் குழந்தைக்கும் வரலாம் என்றார்.

மனைவி வயிற்றில் குழந்தை இருந்தது.

முடிவு இன்று மதியம் பதிவில் ஏறும். மச்சினன் சாப்பிட்ட கையோடு உள்ளே போவான். மாலைக்குள் அவளுக்கு போன் போகும். அவள் அதைக் கணவன் வாயால் கேட்க வேண்டும், தம்பி வாயால் அல்ல. கண்ணாடிக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனையை வாசலில் ஒட்டச் சொன்னவன், டப்பாவைக்கூட மூடாமல் அறைக்கு ஓடினான்.

வெளியே நல்ல வெயில். உள்ளே குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த துணியின் வாசனை அடித்தது. இங்கே துணி ஏது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

தன் பதிவைத் திறக்குமுன், அதை வேறு யாராவது திறந்தார்களா என்று பார்த்தான்.

பெரிய சிஸ்டர். சற்று முன்புதான்.

போனை எடுத்தான். “மாப்ள, என் பதிவைத் திறந்தியா?”

“ஐயோ மாமா, காலையிலேர்ந்து இங்க நெட்டே இல்ல. ஏன், கதை ஏதாவது இருக்கா?”

போனை வைத்தான். பயம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. விரல்களில் இருந்த மரப்பு மெல்லத் தோளுக்கு ஏறி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. பெரிய சிஸ்டர் இதுவரை திறந்தவற்றையெல்லாம் வரவழைத்தான்.

அந்த மென்பொருளுக்கு இரண்டே வார்த்தைகள்தான் தெரியும். திறந்தார். மூடினார். அதை நிறுவியவன் அவன்தான்.

திரையில் மூன்றாவதாக ஒரு வார்த்தை இருந்தது.

கேட்டார்.

மச்சினனும் மற்றவர்களும் எட்டிப் பார்த்த ஒவ்வொரு பதிவின் கீழும் அது இருந்தது. அவர்கள் போன பிறகு, யாரோ அதே பதிவுக்குத் திரும்ப வந்து கேட்டிருந்தார்கள். கேட்டார், பதில் இல்லை. கேட்டார், பதில் இல்லை. பக்கம் பக்கமாக அப்படித்தான். இடையிடையே சில இடங்களில் மட்டும் வேறு மாதிரி.

கேட்டார். வேண்டாம் என்றார்.

பதில் சொன்னவர்கள் யார் என்று பார்த்தான். ஒருத்தி போன மழைக்காலத்தில் இறந்தவள். இன்னொருவர் ஆபரேஷன் மேசையிலேயே போனவர். அடுத்தது, பிறந்த அன்றே போன குழந்தை.

பதில் சொன்னவர்கள் எல்லோரும் இறந்தவர்கள்.

கடைசி வரியில் அவன் பெயர் இருந்தது.

கேட்டார்.

அதற்குப் பக்கத்தில் காலியாக இருந்தது.

குளிர்சாதனம் நின்றது.

தலைக்குமேல் கம்பியில் திரை வளையங்கள் நகரும் சத்தம் கேட்டது. சர்ரென்று அல்ல, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பது போல, ஒவ்வொன்றாக. அவன் நிமிர்ந்து பார்த்தான். கம்பி வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் வெளிச்சம் பச்சையாகி, மேசையைச் சுற்றி மங்கியது.

கஞ்சி வாசனை காதருகில் வந்தது.

“பார்க்கலாமா தம்பி?”

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் அங்கே வாய் திறக்கவில்லை. ஆனால் மனைவி நினைவு வந்தது, மச்சினன் சிரிப்பு நினைவு வந்தது.

“வேண்டாம் சிஸ்டர்” என்றான் மெதுவாக.

வளையங்கள் திரும்பிப் போயின. திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தைகள் ஏறின. அவற்றைப் படிக்கத் தேவையில்லாததால் அவன் படிக்கவில்லை.

முடிவை நரம்பு மருத்துவரின் அறைக்குப் போய், அவர் வாயால் கேட்டுக்கொண்டான். அப்பாவுக்கு வந்ததேதான். வெளியே வரும்போது மச்சினன் ஓடி வந்தான்.

“என்ன மாமா, நெட் வந்துச்சு, உங்க பேரைப் போட்டா ஒண்ணுமே வரல? அப்படி ஒரு ஆளே கிடையாதுங்குது!”

“அப்படியா?” என்றான் கண்ணாடி.

“கணக்குப் பார்த்தா நீங்க பொறக்கவே இல்ல மாமா. அக்காகிட்ட சொல்லணும்.”

“நானே சொல்லிக்கிறேன்டா.”

அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம். அவன் ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்து மூடினான்.

“ஏங்க, என்ன புதுசா? ஊர்ல எல்லாருக்கும் எல்லாமே தெரியணும்னு சொல்ற ஆளாச்சே நீங்க!”

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மரத்துப்போன கையை எடுத்து அவள் வயிற்றின்மேல் வைத்தான். அவள் சூடு அந்தக் கைக்குத் தெரியவில்லை.

“ஒரு விஷயம்” என்றான். “சொல்லலாமா?”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். கேட்டது தன்னிடமா, வயிற்றில் இருக்கும் குழந்தையிடமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“சொல்லுங்க.”

அவன் சொல்லத் தொடங்கினான். பின்னால் வளையங்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக நகர்ந்து, அவன் மூடாமல் விட்ட கொஞ்ச இடைவெளியையும் மூடின.

அவர்கள் வீட்டு ஜன்னல் திரை நாடாவில் கோத்தது. அதில் வளையங்களே கிடையாது.