மாட்லாவுக்கு ஒரு குளியலறை

யோலானாவின் வீட்டுக் கூடத்தில் இப்போது சோபா இல்லை. அதைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் பெரிய மரப்பெட்டி ஒன்று நின்றது. அப்பா கால் நீட்டிப் படுத்தாலும் உள்ளே இடம் மிச்சமிருக்கும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவு.

"யாராவது பார்த்தா சவப்பெட்டின்னு நினைக்கப் போறாங்க, ராடிம்" என்றார் அம்மா. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பா தலை நிமிராமல் திருகாணியை முடுக்கிக்கொண்டே இருந்தார்.

பனிக்காலத்தில்தான் போஹ்தான் சித்தப்பா இறந்துபோனார். அப்பாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். இதே ஒஸ்திராவா நகரத்தின் மறுகோடியில் ஒரு சிறிய வீட்டில் அவரும் மாட்லாவும் மட்டும் வாழ்ந்தார்கள்.

மாட்லா ஒரு மலைப்பாம்பு. நீளம் மூன்றரை மீட்டர். உடம்பின் நடுப்பகுதி அப்பாவின் தொடையை விடப் பருமன். மஞ்சளும் பழுப்புமாக, உதிர்ந்த இலைகள் கிடக்கும் காட்டுத்தரையைப் போல இருப்பாள்.

சித்தப்பா போன பிறகு இவோனா அக்காதான் மாட்லாவைப் பார்த்துக்கொண்டார். அவரும் சித்தப்பாவும் பாம்பு வளர்ப்பவர்களின் சங்கத்தில் நண்பர்கள். ஆனால் மாதக் கடைசிக்குள் சித்தப்பாவின் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

"சனிக்கிழமை மாட்லாவைக் கூட்டிட்டு வரேன் அண்ணா" என்று இவோனா அக்கா சொல்லியிருந்தார். "அவளுக்கு நீங்க வச்சிருக்கிற இடம் எப்படின்னு பார்ப்பேன். சரியா இருந்தா விட்டுட்டுப் போவேன். இல்லேன்னா பிராகா நகரத்துல ஒரு வியாபாரி கேட்டுக்கிட்டே இருக்கார், அவர்கிட்டதான் கொடுக்கணும். என் வீட்ல ஏற்கெனவே நாலு பேர் ஊர்ந்துக்கிட்டு இருக்காங்க. இன்னொருத்திக்கு இடமில்லை."

"வியாபாரி அவளை என்ன பண்ணுவார்?" என்று கேட்டாள் யோலானா.

"வித்துடுவார் கண்ணு. யாருக்குன்னு நாம கேக்க முடியாது."

அன்றிலிருந்து யோலானாவின் மனத்தில் அந்த ஒரே கவலைதான். சித்தப்பா போய்விட்டார். மாட்லாவும் முகம் தெரியாத யாரிடமோ போய்விட்டால், அப்பா என்ன ஆவார்?

அதனால் எல்லாரும் தயாரானார்கள். கூடத்து மரப்பெட்டியும் மாட்லாவுக்காகத்தான். பெரிய பாம்பு வளர்ப்பதற்கான அனுமதி வாங்கியாயிற்று. உறைய வைத்த முயல்களுக்காகத் தனியாக ஒரு குளிர்ப்பெட்டி வந்தது. பாம்பைக் கையாளும்போது பெரியவர்கள் இருவர் இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டாயிற்று. தம்பி தோபியாஷுக்கு நான்கு வயது. அவனுக்கு எட்டாத உயரத்தில் பெட்டிக்குப் பூட்டு.

அவனுக்கு வேறொரு கவலை. "மாட்லாவுக்கு வீட்டுச் செருப்பு எங்க?"

வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் காலணியைக் கழற்றச் சொல்லி வீட்டுச் செருப்பு கொடுப்பார்களே, அதைத்தான் கேட்டான்.

"அவளுக்குத்தான் காலே இல்லையேடா."

தோபியாஷ் யோசித்தான். "அப்ப தொப்பி?"

வியாழக்கிழமை யோலானா பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுவதும் ஒரு வாசனை. அவளுக்கு நன்றாகப் பழக்கமான வாசனை. வசந்தம் வந்தால் அப்பா காட்டோரத்தில் இருக்கும் அவர்களுடைய விடுமுறை மரவீட்டுக்குப் போய் வேலி, கதவு, பெஞ்சு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசுவார். அங்கே அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஏப்ரல் மாதத்தில் அந்தக் காடே வார்னிஷ் வாசனை அடிக்கும்.

அப்பா கையில் தூரிகையோடு நின்றார். முகத்தில், வெகுநாளைக்குப் பிறகு, ஒரு சிரிப்பு.

"பாத்தியா? உள்ள ரெண்டு பூச்சு. மலைப்பாம்புப் பெட்டி எப்பவும் ஈரமா இருக்கும்ல. மரம் ஊறிடக் கூடாது பாரு. நம்ம வேலிக்கு இதேதான் பூசுறேன், பத்து வருஷமா ஒரு பலகை கூட அழுகலை."

மரம் தேன் நிறத்தில் பளபளத்தது. அந்தப் பலகைகளை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்துதான் அறுத்திருந்தார்கள். மரவீட்டில் புத்தக அலமாரி செய்வதற்காக. அலமாரி வேலையைத் தொடங்கவே இல்லை.

யோலானா அந்த வாசனையை மறுபடி முகர்ந்தாள். 'பாம்பு நாக்கால மோந்து பார்க்கும்' என்று இவோனா அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார். 'அதோட நுரையீரல் ரொம்ப மென்மை. வீட்ல ஊதுபத்தி கூட ஏத்தக் கூடாது.' வேலி வெட்டவெளியில் நிற்கிறது. மாட்லா மூடிய பெட்டிக்குள் நாள் முழுவதும் படுத்திருப்பாளே.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை எப்படிக் கலைப்பது?

"நல்லா இல்லையா?" என்றார் அப்பா.

"ரொம்ப அழகா இருக்குப்பா." அவள் பெட்டிக்குள் தலையை மட்டும் நீட்டினாள். ஒரு மூச்சு இழுத்தாள். அடுத்த மூச்சுக்குள் கண் எரிந்து நீர் வழிந்தது. வெளியே வந்து இருமினாள்.

"ஏன்மா அழறே?"

"அழலைப்பா. கண்ணு எரியுது. நீங்களும் ஒருதடவை தலையை விட்டுப் பாருங்களேன்."

அப்பா மண்டியிட்டுப் பெட்டிக்குள் குனிந்தார். உடனே வெளியே வருவார் என்று அவள் நினைத்தாள். அவர் வரவில்லை. தோள்கள் மெல்லக் குலுங்கின. யோலானா அவர் முதுகில் கை வைத்தபடி நின்றாள்.

வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"வார்னிஷ்" என்றார் அப்பா.

"ஆமாப்பா. வார்னிஷ்தான்."

அதற்குள் அம்மா எல்லா ஜன்னல்களையும் திறந்து, இருவரையும் திட்டித் தீர்த்து, இவோனா அக்காவுக்குப் போன் போட்டார். பதில் அவர்கள் பயந்தபடியே வந்தது. சுரண்டினாலும் போகாது. மரம் உறிஞ்சிவிட்டிருக்கும். கதவைத் திறந்து வைத்து ஒரு மாதமாவது காற்றாட விட வேண்டும்.

"சனிக்கிழமையை நான் தள்ளி வைக்க முடியாது" என்று இவோனா அக்கா வருத்தத்தோடு சொன்னார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த வியாபாரிக்குச் சொல்லிடலாம். தம்பி எனக்குன்னு விட்டுட்டுப் போனது அவ ஒருத்திதான். அவளையும் வேலிக்குப் பூசுற வார்னிஷால தொலைச்சுட்டேன்."

யோலானா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மூடக்கூடிய, கதகதப்பான, வார்னிஷ் பூசாத ஓர் இடம் வேண்டும். எட்டாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், அப்படி என்ன இருக்கிறது?

"அப்பா, கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோட வாங்குற கெண்டை மீனை எங்க விடுவோம்?"

"குளியல் தொட்டியில. ஏன்?"

"அது இருக்கிறப்ப நாம குளிக்கிறதில்லையே. யாரும் அதைக் குறையா சொல்றதும் இல்ல. விருந்தாளின்னு விட்டுடுறோம். மாட்லாவும் விருந்தாளியா இருக்கட்டுமே. குளியலறை முழுக்க அவளுக்கு. கழிப்பறைதான் நமக்குத் தனியா இருக்கே."

அம்மா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "கெண்டை மூணு நாள் இருக்கும். அப்புறம் அதை வறுத்துச் சாப்பிட்டுடுவோம். இவ ஒரு மாசம் இருப்பா. அதுவரைக்கும் நாம நாலு பேரும் எங்க குளிக்கிறது?"

அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் கொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நால்வரும் சுவரைப் பார்த்தார்கள்.

"பக்கத்து வீட்டு யார்மிலா அத்தையா?" என்றார் அம்மா. "பாம்பு வருதுன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து அவங்க என்கூட லிஃப்டுல கூட ஏறுறதில்லை."

"நான் கேக்கறேன்" என்றாள் யோலானா.

அவள் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். யார்மிலா அத்தை தலையில் துண்டோடு கதவை விரலளவு திறந்தார்.

"என்னடி? பாம்பு தொலைஞ்சு போச்சா?"

"இன்னும் வரவே இல்ல அத்தை. வந்தா எங்க குளியலறையிலதான் இருக்கும். அதனால நாங்க உங்க வீட்ல குளிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

அத்தை அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பாம்பு உங்க வீட்ல குளிக்கும். நீங்க என் வீட்ல குளிப்பீங்க. நான் எங்க போறது, ஆத்துக்கா?"

"நாங்க சீக்கிரம் குளிச்சிடுவோம். தொட்டியைக் கழுவி வச்சிடுவோம். சனிக்கிழமைக்குள்ள இடம் கிடைக்கலேன்னா மாட்லாவை வித்துடுவாங்க அத்தை. எங்க சித்தப்பாவோட மாட்லா."

அத்தையின் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் கதவு மாறவில்லை. "எனக்குப் பாம்புன்னா பயம். குழாய் வழியா இங்க வந்துடுச்சுன்னா?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு" என்றாள் யோலானா. "அதனால எல்லா ஓட்டையையும் அடைக்கப் போறோம். நீங்க வந்து பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லுவோம்."

வெள்ளிக்கிழமை முழுவதும் குளியலறையில் வேலை நடந்தது. யோலானா தரையில் வயிறு பட ஊர்ந்தாள். பாம்பாக இருந்தால் எங்கே போகத் தோன்றும்? தொட்டிக்கு அடியில். அங்கே ஓடு பதித்த சிறிய கதவு இருந்தது. அதை அப்பா திருகாணி போட்டு இறுக்கினார். பிறகு மேலே. காற்றுத் துவாரத்துக்கு இரும்புவலை. சித்தப்பா மாட்லாவுக்குச் சூடு தர வைத்திருந்த மின்சார வெப்பப் பலகையைக் கூரையில் மாட்டி, மாட்லா சுட்டுக்கொள்ளாதபடி அதற்கும் ஒரு கம்பிக்கூடு. வெப்பமானியைத் தொங்கவிட்டார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

மாலையில் யார்மிலா அத்தை கையில் துடைப்பத்தோடு வந்தார். வாசலில் காலணியைக் கழற்றிச் செருப்பு மாட்டிக்கொண்டு, அதிகாரி போல உள்ளே நுழைந்தார். துடைப்பக் கட்டையால் வலையைக் குத்தினார். தொட்டியின் கதவைக் குத்தினார். பிறகு நேராக, இயந்திரம் இருந்த மூலைக்குப் போய்க் குனிந்தார்.

"இது என்ன?"

குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், ஒரு ரப்பர் வளையத்துக்குப் பின்னால், யோலானாவின் கை முழுவதும் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

அப்பா திகைத்துப்போனார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் கட்டடத்துல எல்லாக் குளியலறையும் ஒண்ணுதானே. உங்களுக்கு வலப்பக்கம்னா எனக்கு இடப்பக்கம். என் பையனோட வெள்ளெலி இது வழியாத்தான் போச்சு. ஆறாவது மாடியில கண்டுபிடிச்சோம், கொழுத்துப்போய்." அத்தை நிமிர்ந்தார். "சிமென்ட் இருக்கா? சும்மா துணியை அடைக்காதே. எனக்குத் தூக்கம் வரணும்."

அப்பா சிமென்ட் குழைத்தார். அத்தை பக்கத்திலேயே நின்று, "இன்னும் போடு, இன்னும் போடு" என்றார். பூசி முடித்ததும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னால நான் குளிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல்வரை போய்த் திரும்பி, "துணியும் என் வீட்லதான் துவைப்பீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் வெளியே கிடந்த இயந்திரத்தைப் பார்த்தார்கள். "அப்படித்தான் நினைச்சேன்" என்றார்.

சனிக்கிழமை இவோனா அக்கா முதலில் தனியாக மேலே வந்தார். கூடத்தில் திறந்து கிடந்த பெட்டியை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். குளியலறையில் ஒவ்வொரு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தார். வெப்பமானியின் முன்னால் வெகுநேரம் நின்றார். யோலானா கதவருகில் காத்திருந்தாள்.

"கூடத்துல இருக்கிற பெட்டியை நான் கெடுத்துட்டேன்" என்றார் அப்பா. "மாட்லா வரதுக்கு முன்னாடியே இவதான் கண்டுபிடிச்சா."

"நிறையப் பேர் பாம்பு வந்ததுக்கு அப்புறம்தான் கண்டுபிடிப்பாங்க" என்றார் இவோனா அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "அதுவும் அது செத்ததுக்கு அப்புறம்."

அவர் கதவுப் பூட்டை இரண்டு முறை போட்டுத் திறந்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"கீழ வாங்க அண்ணா. அவளை நான் ஒருத்தியா தூக்க முடியாது."

யோலானா ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

மாட்லா ஒரு பெரிய துணிப்பையில் வந்தாள். பையை அவிழ்த்ததும் முதலில் தலை வந்தது. நாக்கு காற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் உடம்பு முழுவதும் வழிந்து, வெறும் தொட்டிக்குள் சுருண்டது.

"ரெண்டு வாரம் சாப்பாடு வேண்டாம். தொந்தரவும் வேண்டாம்" என்றார் இவோனா அக்கா. "பழகட்டும்."

அவர் போன பிறகு அப்பா குளியலறைக் கதவின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். கதவில் ஒரு சிறிய கண்ணாடி உண்டு. அதன் வழியாகத் தொட்டியின் விளிம்பும், அதன்மேல் ஓய்வாக வைத்த ஒரு தலையும் தெரிந்தன. யோலானா இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

"போஹ்தான் இவளை வாங்கிட்டு வந்த அன்னிக்கு" என்றார் அப்பா, "சட்டைக்குள்ள வச்சுத்தான் கொண்டு வந்தான். டிராம்ல. டிக்கெட் பரிசோதகர் சட்டை நெளியறதைப் பார்த்துட்டு, 'உடம்பு சரியில்லையா தம்பி'ன்னு கேட்டாராம்."

யோலானா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். இம்முறை கண்ணைத் துடைத்துக்கொள்ள வார்னிஷைச் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாசலில் மணி அடித்தது. "தண்ணி ஆறுது" என்று யார்மிலா அத்தையின் குரல் கேட்டது. "முதல்ல யாரு வரீங்க?"

"அம்மாவையும் தோபியாஷையும் அனுப்பறேன் அத்தை" என்று குரல் கொடுத்தாள் யோலானா. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியை இன்னும் கொஞ்சம் அப்பா பக்கம் நகர்த்தினாள். "சொல்லுங்கப்பா. அந்தப் பரிசோதகருக்குச் சித்தப்பா என்ன சொன்னார்?"