முனியாண்டியை உதைத்தவன்

தனுஜா மாடிப்படி ஏறி வந்தபோது அவள் காலில் இருந்த செருப்பு இரண்டும் வேறு வேறு. ஒன்று அவளுடையது, மற்றது புருஷனுடையது. அதுகூடத் தெரியாமல் ஓடி வந்திருக்கிறாள் என்றால் எவ்வளவு பயம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"கைருன்னிசாக்கா, இன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டக் கொளுத்தப் போறாங்களாம். பிள்ளைங்கள பக்கத்து வீட்டுல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

கைருன்னிசா முன்னாள் போலீஸ் சார்ஜன். கோல சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே சின்னதாக விசாரணை அலுவலகம் நடத்துகிறார். அவருக்குப் பதற்றம் என்பதே கிடையாது. அவருக்கும் சேர்த்துப் பதறத்தான் உதவியாளர் துளசி இருந்தாள்.

தனுஜா கைப்பேசியை நீட்டினாள். ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டம், அவர்கள் குடியிருக்கும் லயத்து முனியாண்டி கோயில். தனுஜாவின் புருஷன் சத்தியசீலன் செருப்புக் காலால் சாமி சிலையின் மார்பில் ஓங்கி உதைக்கிறான். உதைத்துவிட்டுச் சிரிக்கிறான். பேர் தெரியாத யாரோ 'இன்றைக்குக் காலையில் நடந்தது' என்று எழுதி நேற்றுப் போட்டது, அதற்குள் மாநிலம் முழுக்கச் சுற்றிவிட்டது.

"லோரி எடுக்குமுன்ன சாமி கும்பிடாம போகமாட்டாருக்கா. இது ஏஐ லா! சொன்னா யாரு நம்பறா? போலீசுல ரிப்போர்ட் பண்ணப் போனவரு அங்கேயே உக்காந்திருக்காரு. வெளிய வந்தா அடிச்சே கொன்னுருவானுங்க."

"யாரோடயாவது சண்டையா?"

"போன மாசம், தோட்டத்துல வேலைக்காரங்கள மேய்க்கற மண்டோரோட வாய்த்தகராறு. வேற யாருமில்ல."

"அப்ப மண்டோர்தான்!" என்றாள் துளசி.

"முதல்ல கார எடு," என்றார் கைருன்னிசா.

கோயிலைச் சுற்றித் தகரச் சுவர். வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் கார்த்திகேசு நின்றிருந்தான். 'தோட்டத்துக் குரல்' என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்துபவன். மழித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"அநியாயத்தப் பாத்தீங்களாக்கா?" என்று அவர்களையும் படம் பிடித்தான்.

"நீயும் உள்ள வாயேன்," என்றார் கைருன்னிசா. அவன் தலையாட்டி மறுத்துவிட்டான்.

உள்ளே முனியாண்டியின் வலது கையில் மணிக்கட்டு வரை மஞ்சள் துணி சுற்றியிருந்தது. கை வெறுமையாக இருந்தது.

"காத்துல கிளை விழுந்து அருவாள் ஒடஞ்சிருச்சுக்கா," என்றாள் தனுஜா. "கார்த்திகேசு அம்மா செத்து, எடுத்த மறுநாள். பூசாரிதான் துணி சுத்தி வெச்சாரு."

கைருன்னிசா வீடியோவை மறுபடி ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். அதில் சாமி கையில் அருவாள் முழுசாக மின்னியது.

"அய்யோ!" துளசி வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாரும் செருப்பத்தான் பாத்தோம். சாமி கைய யாருமே பாக்கல."

"நான்கூடப் பாக்கலக்கா. பயத்துல முழுசாப் பாக்கவே முடியல," என்றாள் தனுஜா.

"இது பழைய போட்டோவ வெச்சுச் செஞ்சது. அருவாள் ஒடஞ்சது செஞ்சவனுக்குத் தெரியாது. மண்டோருக்குத் தெரியுமா?"

"தினம் உள்ள வந்து விளக்கேத்தறதே அவருதான்."

"அப்ப அவரு இல்ல. இந்தச் சாமி போட்டோவும் உன் புருஷன் போட்டோவும் கையில வெச்சிருக்கறவன் வெளியூர்க்காரனும் இல்ல. சரி, இங்கயே இருந்துக்கிட்டு கோயிலுக்குள்ள வராதவன் யாரு?"

தனுஜா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "கருமாதி முடியாம உள்ள வரக்கூடாதுன்னு..."

கைருன்னிசா வெளியே வந்தார். "கார்த்திகேசு, சாமி கையில இப்ப அருவாள் இருக்கா?"

"இல்லாம? வலது கையில பளபளன்னு இருக்கே!"

கோயிலுக்குள் கைப்பேசியில் எடுத்து வந்திருந்த படத்தை அவர் காட்டினார். படம் பிடித்துக்கொண்டிருந்த அவன் கை மெதுவாக இறங்கியது.

"'உன் வீடியோவ உங்க வீட்டுப் பூனைகூடப் பாக்காது'ன்னு எல்லாரு முன்னாலயும் சிரிச்சாருக்கா, சத்தியசீலண்ணன். நாலு பேரு அவரத் திட்டட்டும்னுதான் செஞ்சேன். சத்தியமா இப்படி ஆகும்னு நெனைக்கல. எனக்கே பயமா இருக்கு."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு பேசி, அந்த வீடியோவைத் தன் இணையப் பக்கத்தில் ஏற்றினான். துளசி பதில்களைப் படித்தாள்.

"'இதுவும் ஏஐதான்'னு போடறானுங்கக்கா. 'மிரட்டிப் பேச வெச்சிருக்காங்க'ன்னு ஒருத்தன். யாருமே நம்பல."

செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல. துளசி காருக்குள் ஏறச் சொல்லிக் கத்தினாள். தனுஜா கால்வாயைத் தாண்டிப் போய்க் கார்த்திகேசுவின் கையைப் பிடித்தாள்.

"வா. கோயில் வாசல்ல நின்னு உன் வாயால சொல்லு."

"வேணாண்ணி, தீட்டு..."

"சாமிய உதைக்க வெச்சியே, அப்ப எங்கடா போச்சு உன் தீட்டு?"

அவனை இழுத்து வந்து வாசலில் நிறுத்தினாள். வண்டிகள் வந்து சூழ்ந்தன. முன்னால் வந்த பையன் ஒரு கையில் கட்டையோடு இறங்கினான், மறு கையால் கைப்பேசியை உயர்த்தினான். கைருன்னிசா தனுஜாவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"போன உள்ள வை, தம்பி," என்றாள் தனுஜா. "அதுல பாத்தது போதும். உள்ள போயி சாமி கையக் கண்ணால பாரு. அப்புறம் இவன் சொல்றதக் கேளு. அதுக்கப்புறமும் கொளுத்தணும்னா வீடு அதோ இருக்கு."

பையன் அவளைப் பார்த்தான். பின்னால் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவன் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினான்.