நாற்பதாவது விலாங்கு

விடிவதற்கு முன்பே எழுந்ததில் ரேலீனுக்குக் கொட்டாவி நிற்கவே இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா அவளையும் கொலம்பியா ஆற்றுக்கு இழுத்து வந்திருந்தார்.

அம்மா டெல்பைனுக்கு எங்கள் பழங்குடியின் மீன் துறையில் வேலை. பாம்பு போல நீண்ட மீன் ஒன்று; படித்தவர்கள் லாம்ப்ரே என்பார்கள். எங்களுக்கு அது விலாங்கு. பென்சில் நீளமே உள்ள குஞ்சின் வயிற்றில் சின்னதாகக் கீறி, அரிசிமணி பருமனுள்ள ஒலிக்கருவியை வைப்பார்கள். கடலுக்குப் போகும் வழியில் உள்ள அணைகளில் மைக்குகள் அந்த ஒலியைக் கேட்கும். குஞ்சுகள் எங்கே காணாமல் போகின்றன என்று அப்படித்தான் தெரியும்.

மதியம் வாளிகளைக் கவிழ்த்து, நாற்பது குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். ஓட்டத்தில் சற்றுக் கீழே இருந்த கரையோர மைக்குக்கு முப்பத்தொன்பதுதான் கேட்டது.

அம்மா அரை மணி நேரம், மைக் கேட்டதைக் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஒண்ணு போச்சு. செத்துடுச்சுன்னு எழுதிடறேன்."

"எழுதிட்டு வாக்கா. பசி உயிர் போகுது," என்றார் வெண்டல் மாமா. அவர் வண்டியில் ஏறி, பூட்ஸைக்கூடக் கழற்றிவிட்டார்.

அம்மா எழுதினார். ரேலீனுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, மீன் செத்தாலும் கருவி கத்திக்கிட்டுதானே இருக்கும்?"

"கருவி கெட்டுப்போயிருக்கும்டி."

"காலையில வாளியில பாத்தப்போ நாப்பதும் கேட்டுச்சே."

"எனக்கு மூளை ஓடலை. நீயே யோசி." அம்மா பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ரேலீன் யோசித்தாள். சத்தம் ஆற்றில் இல்லை என்றால் மீனும் ஆற்றில் இல்லை. விலாங்குக்கு உறிஞ்சும் வாய். எதையாவது கண்டால் ஒட்டிக்கொள்ளும். அவள் எழுந்து வண்டிக்கு நடந்தாள். கால்கள் கெஞ்சின.

அடுக்கி வைத்திருந்த வாளிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு மூடிகளைத் திருப்பினாள். ஐந்தாவது மூடியின் ஈர விளிம்பில் குஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. செவுள் துளைகள் மெல்ல அசைந்தன.

"பிச்சு ஆத்துல போடு," என்றார் மாமா.

"வயித்துல வெட்டு இருக்கு மாமா. இழுத்தா கிழிஞ்சுடும்."

மூடியோடு ஆற்றில் இறங்கி, அதைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டாள். பனி உருகி வரும் தண்ணீர். விரல்கள் மரத்துப்போயின. ஒருவழியாகக் குஞ்சு வாயை விட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவளுடைய ரப்பர் பூட்ஸில் ஒட்டிக்கொண்டது.

வெறுங்காலோடு பின்னாலேயே கரைக்கு வந்த மாமா சிரித்தார். "உன் கால்ல விழுந்து கும்பிடுது பாரு."

"கும்பிட்டது போதும்னு சொல்லு மாமா. எனக்குத் தூக்கம் வருது."

ரேலீன் காலை அசைக்காமல் நின்றாள். அழுகை வரும்போல இருந்தது. சிரிப்புச் சத்தத்தில் அம்மா விழித்தார். தண்ணீரில் இறங்கி, மகளின் இரண்டு கைகளையும் தன் அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கினார். இருவரும் நின்றுகொண்டே தூங்கி வழிந்தார்கள்.

குஞ்சு பூட்ஸை எப்போது விட்டதென்று தெரியாது. கரையில் திரை 'டிக்' என்றது.

"நாப்பது," என்றார் மாமா.

அம்மா கரையேறி, 'செத்தது' என்று எழுதியிருந்ததை அடித்தார். "இப்ப என்னடி எழுதறது?"

"லேட்டா கிளம்புச்சுன்னு எழுதும்மா."

அம்மா அப்படியே எழுதி, நேரத்தையும் போட்டார்.