முட்டுவலி யார் பேரில்

நலமான ஓராண்டு வாழ்வின் விலை அன்று காலை இரண்டு லட்ச ரூபாய். விருதுநகர் நோய்ச்சுமை நிலையத்தின் வாசல் பலகையில், மிளகாய் வத்தல் விலைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. நோய்க்கும் அகால மரணத்துக்கும் நாடு பறிகொடுக்கும் ஆண்டுகளை ஆள்வாரியாகக் கணிப்பது சுமைமானி. போட்ட காசுக்கு ஆண்டு மீளும் என்று அது சொன்னால்தான் அரசு சிகிச்சை தரும்.

தங்கபுஷ்பத்துக்கு ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீரகம் வேண்டும், பன்னிரண்டு லட்சம். ஆறாண்டாவது மீள வேண்டும். கிடைக்காவிட்டால் இந்தக் கோடையைத் தாண்டமாட்டாள்.

அவளுக்காக அதிகாரி ரெஜினாவிடம் பேசியவர் கணவர், வத்தல் மண்டி அழகுராசன். வாங்கப் போகும் சரக்கை மட்டம் தட்டியே பழகிய வாய்.

"சிறுநீரகம் மட்டுமா தாயி? முட்டி ரெண்டும் போச்சு. சர்க்கரை வேற. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது."

"எனக்கு எங்கங்க முட்டுவலி?" அவரைக் கிள்ளினாள் தங்கபுஷ்பம்.

"சும்மா இரு. பேரம் நடக்குதுல்ல?"

திரையில் சுமை ஏற ஏற அவர் முகம் மலர்ந்தது. சட்டென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

ரெஜினா தலையில் கைவைத்தாள். "கெடுத்தீங்களே அண்ணாச்சி! சிறுநீரகம் வச்சா எட்டு வருசம் இருப்பாங்க. ஆனா நோயோட வாழுற வருசத்தை மானி முழு வருசமா எண்ணாது. கழிச்சது போக அஞ்சு வருசம் எட்டு மாசம்தான் நிக்குது. நாலு மாசம் குறையுது."

"அப்போ நான் சொன்னது பொய்யின்னு எழுதிக்கோ."

"சொன்ன நோயை அழிக்க முடியாது. இப்படி மாத்தி மாத்திப் பேசுறவங்களுக்காகவே பூட்டிட்டாங்க. ஒருத்தர் நோய் இன்னொருத்தர் பேர்ல ஏறி ஆள் மாறிப்போச்சுன்னா மட்டும் திருத்தலாம்."

அழகுராசன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆள்தான் மாறிப்போச்சு தாயி. முட்டி, சர்க்கரை, மூச்சு எல்லாம் என்னோடது."

ரெஜினா நிமிர்ந்தாள். "உங்க பேர்ல ஏறிட்டா இறங்காது. நாளைக்கு நெஞ்சுவலின்னு வந்தா உங்க வருசமும் தேறாது."

"வேண்டாங்க," தங்கபுஷ்பம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வாய் இருக்கே…"

"வாயி என்னோடது. சரக்கும் என்னோடதுதான். விடு புள்ள."

கையை விடுவித்து, திரையில் பெருவிரலை அழுத்தினார். மானி இரண்டு பேரையும் மறுபடி கணித்தது.

தங்கபுஷ்பம்: மீளும் ஆண்டு எட்டு, தேவை ஆறு. சிகிச்சை உண்டு.
அழகுராசன், மூச்சுத்திணறலுக்கு இதயச் சிகிச்சை, பத்து லட்சம்: மீளும் ஆண்டு மூன்று, தேவை ஐந்து. சிகிச்சை இல்லை.
நாட்டின் மொத்த நோய்ச்சுமை: மாற்றமில்லை.