நீலச் சட்டையும் நண்பகல் வெயிலும்

1993 ஜூன் 6, ஞாயிறு. பகல் 12.25.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். மாடிப்படியின் அடியில் அதன் உரிமையாளர் நமசிவாயம் மண்டை உடைந்து கிடந்தார். மூச்சு இல்லை. கையில் ஒரு கொப்பி. தங்கியிருப்போரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிப் பொலிஸுக்குக் காட்டும் கொப்பி அது. கடைசித் தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

கண்டவர் எதிர்வீட்டு நளீபா ஒருவர்தான்.

“பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்திச்சு சேர். ஒரு பொடியன் இறங்கி ஓடினான். நீலச் சட்டை. முதுகைத்தான் கண்டேன்.”

நீலச் சட்டை ஐந்தாம் அறைக்குரியது. அங்கே இருந்தவர்கள் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெடியன்கள்: ஸ்ரீஸ்கந்தராசா, சிவக்கொழுந்து. சட்டை ஸ்ரீஸ்கந்தராசாவுடையது என்றாலும் இருவரும் மாறி மாறிப் போட்டார்கள். சட்டைக்குச் சொந்தக்காரனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. வேறென்ன செய்வார்கள்?

ஜூன் 8, செவ்வாய். பகல் 11.40.

பொலிஸ் நிலைய வாங்கில் ஸ்ரீஸ்கந்தராசாவின் அக்கா சரோஜினிதேவி பாமன்கடையிலிருந்து விடியவே வந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்கு மேலிடத்து ஜீப் வரும். அதில் ஏறும் தமிழ்ப் பெடியன் கொலை வழக்கோடு போனாலும் வேறு வழக்கோடுதான் திரும்புவான், திரும்பினால். அந்தக் காலம் அப்படி. சொல்லவே வாய் கசக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஹாஷிமின் மேசையில் இரண்டு படங்கள் கிடந்தன. கறுப்பு வெள்ளை. இரண்டிலும் நகருக்கு அப்பால் வடக்கே ஹெந்தளைக் கடற்கரையில் உள்ள அதே வீடு, அதே முன் விறாந்தை. சட்டையின் நிறம் தெரியவில்லை. ஒன்றில் ஸ்ரீஸ்கந்தராசா, மற்றதில் சிவக்கொழுந்து. இரண்டையும் எடுத்தவன் நண்பன் ஷிப்லி. விடுமுறை வந்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்புறம் கிளம்பிவிடுவான். பிளாஷ் என்றால் அவனுக்குப் பிடிக்காது. படத்தின் பின்னால் வெளிச்சத்தைப் பற்றிக் குறித்து வைப்பான். “பகல் 12. விறாந்தை. பிளாஷ் இல்லை.” இரண்டிலும் அதுதான் இருந்தது. நேரத்தை எழுதிய மகராசன் திகதியை எழுதவில்லை. ஞாயிறு பின்னேரமே இரண்டு படத்தையும் கழுவிக் கொடுத்துவிட்டு, இரவே டோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டான். வேலைத்தளத்தின் விலாசம்கூட யாரிடமும் இல்லை.

ஹெந்தளைக்கு ஷிப்லி போனது இரண்டே தரம். தைப்பொங்கலன்று ஒருவனோடு, ஞாயிறு மற்றவனோடு. பன்னிரண்டு மணிக்கு அங்கே நின்றவன் பாங்கு நேரத்தில் லொட்ஜில் இருந்திருக்க முடியாது. ஞாயிறு போனவன் தானே என்று இருவரும் சத்தியம் செய்தார்கள்.

“நான்தான் சேர் போனனான்,” என்றான் ஸ்ரீஸ்கந்தராசா. உதடு வெடித்திருந்தது. “ஷிப்லி நிழலிலை நில் எண்டவன். முகத்திலை வெளிச்சம் மெல்லிசா விழோணுமாம்.”

சிவக்கொழுந்து முன்னால் வந்தான்.

“ரெண்டு படத்தையும் பாருங்கோ சேர். என்ர படத்திலை வெயில் எப்பிடி எரிக்குது! ஜூன் மாசம் எண்டு சின்னப்பிள்ளையும் சொல்லும். அவன்ர படத்திலை வெயிலே இல்லை. அது தை மாசம்.”

சார்ஜன் தலையாட்டினார். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. வாங்கிலிருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஹாஷிம் படங்களை யன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“உங்கட முழங்கால் வரைக்கும் வெயில் விழுது. எந்தப் பக்கத்தால வந்தது?”

“முன்னாலை, சேர். ஷிப்லியின்ர முதுகுப் பக்கத்தாலை. எனக்குக் கண் கூசினது.”

“நிச்சயமா?”

“ஓம் சேர்.”

“கடல் எந்தப் பக்கம்?”

“என்ர வலக்கைப் பக்கம்.”

பகல் 12.10.

அயலில் லுஹர் பாங்கு ஒலித்தது. ஹாஷிம் எழுந்தார். “எல்லாரும் முற்றத்துக்கு வாங்க.”

சார்ஜனின் தடியை வாங்கி மண்ணில் நேராக ஊன்றினார். அதன் நிழல் ஒரு சாண்கூட இல்லை.

“நிழல் எந்தப் பக்கம் விழுது?”

“தெற்கால, தெஹிவளைப் பக்கம் சேர்,” என்றார் சார்ஜன்.

“அப்ப வெயில்?”

“வடக்கால, கோட்டைப் பக்கத்தால.” சார்ஜனின் குரல் இறங்கியது.

“எங்கட வாப்பா தெஹிவளைப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார். பாங்கு நேரம் பார்க்க முற்றத்தில கம்பு நட்டிருப்பார். தை மாசத்தில உச்சி நிழல் கோட்டைப் பக்கம் விழும். ஜூன்ல தெஹிவளைப் பக்கம். வருஷா வருஷம் பார்த்து வளர்ந்தவன் நான்.” படத்தை நீட்டினார். “கடல் மேற்கு. அது வலக்கைப் பக்கம் எண்டா, நீங்க பார்த்து நிண்டது தெற்கு. தெற்கு வெயில் உச்சிப் பொழுதில விறாந்தைக்குள்ள வந்து காலைச் சுடுறது தை மாசத்தில. இப்ப வெயில் வீட்டுக்குப் பின்னால நிக்கும்; விறாந்தையில ஒரு பொட்டும் விழாது. நிழல்ல நிக்கிறவன்தான் ஞாயிறு அங்க போனவன். நீங்க லொட்ஜில நிண்டீங்க, சிவக்கொழுந்து.”

சிவக்கொழுந்து தடியின் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அப்படியே மண்ணில் குந்திவிட்டான்.

“என்னட்டை அடையாள அட்டை இல்லை சேர். இடம்பெயரேக்கை துலைஞ்சு போச்சு. அட்டை இல்லையெண்டு கொப்பியிலை எழுதிப்போட்டார். பொலிஸுக்குக் காட்டத்தான் வேணுமெண்டார். காலைப் பிடிச்சுக் கெஞ்சினன். தாளை இழுத்தன், அவர் விடேல்லை. தள்ளினன். சாவார் எண்டு நினைக்கேல்லை.”

“அதுக்கு இவனை ஜீப்பில ஏத்தப் பார்த்தீங்களா?”



ஹாஷிமுக்கு வெற்றி இனிக்கவில்லை. ஒருவனை மீட்ட அதே கையால் மற்றவனின் பெயரை எழுத வேண்டியிருந்தது. எழுதினார்.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது. சரோஜினிதேவி தம்பியின் கையை இறுகப் பிடித்து, “வா, பாக்காதை, வா” என்று இழுத்தாள். அவன் அசையவில்லை. மேசையில் கிடந்த, வெயில் விழுந்த படத்தையே பார்த்தான்.

“பொங்கலண்டு அவன்ரை உடுப்பெல்லாம் கிழிசல், சேர். ஊரிலை அம்மா பாக்கிற படம், நல்லா இருக்கட்டும் எண்டு என்ர சட்டையைக் கழட்டிக் குடுத்தனான். இந்தப் படத்தை அவன்ரை அம்மாவுக்கு அனுப்பலாமா?”

“வழக்கு முடியுமட்டும் குடுக்கேலாது, தம்பி,” என்றார் ஹாஷிம்.