பார்க்காத ஒருத்தி

மைதானத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. சிட்டு அதைப் பார்த்தாள். அது சிட்டைப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது.

"இன்னைக்குப் பயிற்சி இல்லையா?" என்று சிட்டு கேட்டாள். நாய்க்கும் தெரியவில்லை போலிருக்கிறது. மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பயிற்சி இருந்தது. காலையிலேயே முடிந்தும் போயிருந்தது. மாலையில் நடக்க வேண்டியதைக் கோச் காலைக்கு மாற்றி, அணியின் குரூப்பில் செய்தி போட்டிருந்தார். எல்லார் வீட்டு போனிலும் அது டிங் என்று வந்து விழுந்தது. சிட்டு வீட்டு போனில் மட்டும் விழவில்லை. அவள் அம்மா அந்த ஆப்பையே போனிலிருந்து தூக்கிவிட்டார்.

இப்படி ஆவது இது இரண்டாவது முறை. பள்ளித் தொடர் ஓட்டத்தில் அவள் மூன்றாவது ஆள். நாலு பேர் ஓட வேண்டும், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கட்டை மாற வேண்டும். ஓடுவதைத் தனியாகப் பழகலாம். கட்டை மாற்றுவதை எப்படித் தனியாகப் பழகுவது? நாயிடமா கொடுப்பது?

மறுநாள் கோச் அவளைக் கூப்பிட்டார்.

"நீ வேகமா ஓடறம்மா, இல்லைங்கலை. ஆனா வந்தாத்தானே ஓட முடியும்? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட வேண்டியதுதான்."

"எங்கம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லலாமே சார்."

"பண்ணினேன். எடுக்கலை. அப்புறம் மறந்தே போச்சு. மைதானம் எப்ப கிடைக்கும்னு எனக்கே கடைசி நேரத்துலதான் சொல்றாங்க. குரூப்ல போட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுது. வீடு வீடா வந்து கதவைத் தட்டவா?"

அவரும் பாவம், ஒற்றை ஆளாக எத்தனை பேரைக் கட்டி மேய்ப்பார்?

சிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவின் கடைக்குப் போனாள். அது சாவிக்கடை. பூட்டு ரிப்பேர், புதுச் சாவி, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது, எல்லாம் அம்மாதான். சாவி அறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அம்மாவுக்குக் கேட்காது. போன் மணியா கேட்கப் போகிறது?

மெஷின் நின்றதும் சிட்டு வெடித்தாள். "உன்னாலதான்! எல்லார் அம்மாவும் வச்சிருக்காங்க. நீ மட்டும் ஏன் அதைத் தூக்கிப் போட்டே? என்னை அணியிலேர்ந்தே எடுத்துடப் போறாங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "காரணம் இல்லாமலா தூக்கினேன்?" என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு அக்கா யாருக்கும் சொல்லாமல் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தார். பழைய இடத்தில் ஒரு ஆள் அவருக்கு ஓயாமல் தொல்லை கொடுத்ததுதான் காரணம். அம்மாதான் போய் அந்த வீட்டுக்குப் பூட்டு மாற்றினார். காதும் காதும் வைத்த மாதிரி வேலை முடிந்தது. ஆனால் அந்த ஆப் அம்மாவின் போனுக்குள் இருந்த நம்பர்களையெல்லாம் துழாவிவிட்டு, 'இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று அந்த அக்காவின் படத்தை வேறொருவருக்குக் காட்டியது. யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அதே தொல்லைக்கார ஆளுக்குத்தான். அவரும் எப்போதோ அம்மாவிடம் சாவி போட்டவர், அவர் நம்பரும் அந்த போனில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் மறுபடியும் தொல்லையை ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு கடைக்கு வந்து 'அவன்கிட்ட நீங்கதான் சொன்னீங்களாக்கா'ன்னு கேட்டா. நான் எதுவும் சொல்லலை. ஆனா அவ கண்ணைப் பார்க்க முடியலை எனக்கு," என்றார் அம்மா. பிறகு போனை எடுத்தார். "சரி விடு, உன் ஓட்டம் கெட வேண்டாம். போட்டே பார்ப்போம்."

ஆப் வந்தது. வந்ததும் வராததுமாக, 'உங்கள் போனில் உள்ள நம்பர்களைப் பார்க்க அனுமதியுங்கள்' என்றது. அம்மா 'வேண்டாம்' என்று அழுத்தினார்.

'அனுமதித்தால் நண்பர்களோடு சேர்வது எளிது.'

வேண்டாம்.

'இந்த வசதிக்கு அனுமதி தேவை. இப்போது அனுமதிக்கிறீர்களா?'

ஒரே கேள்வி, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தது. அம்மாவின் விரல் 'சரி' என்பதற்கு மேல் போய் நின்றது. சிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவரைப் போல அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"வேண்டாம்மா, அமுக்காதே," என்றாள் சிட்டு.

"உன் ஓட்டம்?"

"நான் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. ஒரு வழிதான் தோன்றியது. காலையிலும் போய்ப் பார்ப்பது, மாலையிலும் போய்ப் பார்ப்பது.

மறுநாள் காலை மைதானத்தில் அந்த நாய்கூட இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாரோ குந்தியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், புல்லட். நாலாவது ஆள் அவன்தான், சிட்டின் கையிலிருந்து கட்டையை வாங்குகிறவன். காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கு வராமல் இருந்தான்.

"நீயும் பார்த்துட்டியா?" என்றான் அவன், நிமிராமலேயே.

"எதை?"

"நடிக்காத. வீடியோவை."

"எந்த வீடியோ?"

புல்லட் நிமிர்ந்தான். "ஆமா, நீதான் குரூப்ல இல்லையே," என்றான். இறுகியிருந்த அவன் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

பிறகு அவனே சொன்னான். சிட்டு வராத அந்தக் காலையில் அவன் திருப்பத்தில் வழுக்கிச் சேற்றில் குப்புற விழுந்திருந்தான். 'அம்மா' என்று கத்தி அழுதிருந்தான். யாருடைய மாமாவோ அதைப் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, குரூப்பில் போட்டுவிட்டார். அது அங்கேயே இருந்ததா? ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"முடி வெட்டப் போனா, 'என்ன தம்பி, அம்மா வந்தாங்களா'ன்னு கேட்கிறார் கடைக்காரர். எங்க சித்தப்பா வேற ஊர்ல இருக்கார், அவருக்கும் போயிருக்கு. அழிச்சிடுங்கன்னு எங்கப்பா கேட்டார். எத்தனை பேர்கிட்டடி கேட்கறது?"

"அடி பட்டுச்சா?" என்றாள் சிட்டு.

"என்னது?"

"விழுந்தியே, அடி பட்டுச்சான்னு கேட்டேன்."

புல்லட் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். முட்டியில் தோல் பெயர்ந்து கருப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. "இதை யாருமே கேட்கலை," என்றான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"அடேயப்பா. எனக்கு இப்படி ஆகியிருந்தா எங்கம்மாவை மட்டுமில்ல, உங்கம்மாவையும் சேர்த்துக் கூப்பிட்டிருப்பேன்."

அழுகைக்கு நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓட வாடா," என்றாள் சிட்டு.

"எல்லாரும் பார்த்துட்டாங்க. என்னைப் பார்த்தாலே சிரிப்பாங்க."

"நான் பார்க்கலையே. யார் காட்டினாலும் பார்க்க மாட்டேன். நீ கட்டை வாங்கறது என் கையிலேர்ந்துதானே? சிரிக்கறவங்க கையிலேர்ந்து இல்லையே?"

புல்லட் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"ஆனா எனக்கும் நீ ஒரு உதவி பண்ணணும்," என்றாள் சிட்டு. "குரூப்ல பயிற்சி நேரம் வந்தா எனக்குச் சொல்லணும். கடைக்கு நேர்ல வா. தெருவிலேர்ந்து கத்தினா மெஷின் சத்தத்துல கேட்காது."

அன்று மாலையே புல்லட் மூச்சிரைக்கக் கடைக்கு வந்து நின்றான். "நாளைக்குக் காலையில, சீக்கிரமா," என்றான். அடுத்தடுத்த நாட்களிலும் வந்தான். ஒரு நாள் எந்தச் செய்தியும் இல்லாமலே வந்தான். "இன்னைக்கு ஒண்ணும் வரலைன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றான். சிட்டு அதற்குப் பிறகு ஒரு பயிற்சியையும் தவறவிடவில்லை. வேறு ஆள் என்ற பேச்சைக் கோச்சும் எடுக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. அதே மைதானம்தான். முதல் ஆளாக ஓடுகிற பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர், எதையும் அவளால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அவள் தன் மாமாவின் போனை வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சிட்டு, நம்ம பள்ளிக்கூடத்துலயே நீ ஒருத்திதான் இதைப் பார்க்கலை. ஒரு நிமிஷம்தான். வயிறு வலிக்கச் சிரிப்பே."

பார்க்க ஆசை இல்லாமலா? இருந்தது. அதிலும் அந்தப் பாட்டு வேறு லேசாகக் கேட்டது. சிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம். பார்க்க மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அவனுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

ரேடியோ போனைப் பார்த்தாள். தூரத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த புல்லட்டைப் பார்த்தாள். பாட்டு நின்றது. அவள் போனை மாமாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

விசில் ஊதினார்கள். ரேடியோ ஓடினாள், இரண்டாவது ஆள் ஓடினான், கட்டை சிட்டின் கைக்கு வந்தது. தலைதெறிக்க ஓடினாள். எதிரே புல்லட் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றான். சுற்றிலும் எத்தனை போன்கள் அவனைக் குறிபார்த்துக்கொண்டிருந்தன. அவன் எதையும் பார்க்கவில்லை, சிட்டை மட்டும் பார்த்தான். கட்டை கை மாறியது. அந்தத் திருப்பத்தை வழுக்காமல் கடந்து, இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டான்.

"நல்லா வந்திருக்கு படம். எல்லாரும் வந்து பாருங்க," என்று ரேடியோவின் மாமா போனைத் தூக்கிக் காட்டினார். ஒரு கூட்டமே அவரைச் சுற்றிக்கொண்டது.

புல்லட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராகச் சிட்டிடம் வந்தான். "எப்படி ஓடினேன்?" என்றான்.

"பார்த்தேன்," என்றாள் சிட்டு. "ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும், கண்ணைச் சிமிட்டாம பார்த்தேன். சூப்பரா ஓடினடா."

கோட்டைத் தொட்டபோதுகூட புல்லட் இவ்வளவு சிரிக்கவில்லை.